பின்கதவு அறைக்கு ஓர் ஒத்திகை

கடையக்காவிடம் எதைக் கேட்டாலும் பதில் வாயால் வராது. முதலில் எழும்புவார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுவார். "பொறு பிள்ளை, ஒருக்கா நான் நீயா வந்து பாக்கிறன்" என்பார். பிறகு கதவுக்கு வெளியே போய்த் திரும்ப உள்ளே வருவார். வருவது அவராக இருக்காது.

அவருக்கும் ஞானஸ்நானத்தில் வைத்த ஒரு பெயர் இருந்திருக்கும். மொன்றியலில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஜோன்-தலோன் வீதியில் ஒரு சேலைக்கடையில் நின்றதால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் கடையக்கா. கடை அவருடையது இல்லை. சம்பளத்துக்கு நின்றவர்தான். ஆனால் முதலாளியைவிட முதலாளி மாதிரி நின்றவர்.

ஆள் கட்டை. சேலைக்குக் கீழே காலுறையும் ஓட்டச் சப்பாத்தும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் எப்போதும் ஒரு கொத்து ஊசி. இரண்டு சேலைக்கு நடுவில் தடுமாறி நிற்கும் பெண்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசல்வரை அந்தப் பெண்ணாகவே நடந்து போய்த் திரும்பி வருவார். வயிற்றை எக்கிக்கொண்டு நடக்கிறவளுக்கு எக்கிக்கொண்டு. ஒவ்வோர் அடிக்கும் புருஷன் முகத்தைப் பார்க்கிறவளுக்கு அதே மாதிரிப் பார்த்துக்கொண்டு. வந்தவர்களில் பாதிப் பேர் சேலையோடு போனார்கள், மீதிப் பேர் கோபத்தோடு போனார்கள். கோபித்தவர்களும் அடுத்த கலியாணத்துக்கு அங்கேதான் வந்தார்கள்.

முகத்தைக் கோணுவது, கண்ணை உருட்டுவது ஒன்றும் அவரிடம் கிடையாது. காலில்தான் தொடங்குவார். ஆளுக்கு ஆள் கால் வைக்கிற விதம் வேறு என்பது அவர் செய்து காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோயில் மண்டபத்தில் திருநாள் சாப்பாட்டுக்கு மேசையை எங்கே போடுவது என்று ஒருமுறை பெரிய வாக்குவாதம் நடந்தது. கடையக்கா எழும்பிப் போய் ஃபாதராக உள்ளே வந்தார். ஒரு கை ஆசீர்வாதத்துக்கு உயர்ந்திருக்க, கால் மட்டும் கட்லட் தட்டுப் பக்கம் சாய்ந்து போனது. ஃபாதர் அங்கேயே நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேசை இடம் மாறியது. கட்லட் வாசலில் இருந்து தூரப் போனது.

எல்லோரும் ஃபாதரைப்போல இல்லை. செயின்ட்-மிஷேலில் ஒரு பிறந்தநாள் விருந்தில், வீட்டுக்காரர் 'முடிஞ்சுது, முடிஞ்சுது' என்று விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொண்டே தன் கிளாசை நிரப்பும் விதத்தைச் செய்து காட்டினார். சபை வயிறு குலுங்கச் சிரித்தது. வீட்டுக்காரரும் சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. அந்தக் குடும்பம் அதோடு கடைப் பக்கம் வருவதை விட்டது. முதலாளி கடையக்காவை நன்றாகப் பேசிப்போட்டார். நான் ஆறுதல் சொல்லப் போனபோது, சட்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்பக் குத்திக்கொண்டிருந்தார்.

"நான் செய்தது பிழைதான் பிள்ளை" என்றார். இன்னோர் ஊசியைக் குத்திவிட்டு, "ஆனா அந்தாள் கிளாசைப் பிடிக்கிறது அப்பிடித்தான்" என்றார்.

இதுதான் அவரிடம் எனக்குப் பிடித்ததும் நான் பயந்ததும். அடுத்தவரைச் செய்யும்போது விழுந்து விழுந்து சிரிப்போம். எங்கள் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று கொஞ்சம் பின்னால் தள்ளியும் நிற்போம். ஒருநாள் துணிந்து, "அக்கா, உங்களை ஒருக்காச் செய்து காட்டுங்கோவன்" என்று கேட்டேன்.

"விசர் கதை. என்னைப் பாக்க நான் எங்க நிக்கிறது?" என்று சொல்லிவிட்டுத் துணியை அளக்கப் போய்விட்டார்.

இப்போது அந்தக் கடை இல்லை. மகளுக்கு வேலை மாறியதால் அவரும் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். அங்கே யார் யாராக வந்து போகிறாரோ தெரியாது.

அவரை நான் மறக்க முடியாமல் போனது ஓர் அறையால். அது என் அறை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் என் தம்பி வீட்டில் இருந்தேன். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் அது வேறு கதை, அதில் சுவாரசியமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவும் போன பிறகு தம்பிதான் என்னை இங்கே எடுப்பித்தான். பகலில் குளிர்க்கோட் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. மீதி நேரம் வீட்டுவேலை. தம்பி மனைவி ஜெசி நல்லவள். மகளுக்குப் பத்து வயது, மகன் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகிற பருவம். இரண்டும் மாமி மாமி என்று என்மேல் ஒட்டிக்கொண்டு திரிந்தன. நாற்பதைத் தொட்ட ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நானும் அப்படித்தான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு செயின்ட்-மிஷேலில் இரண்டு தட்டு டூப்ளெக்ஸ் ஒன்றின் கீழ்த்தளம். குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதற்குள் என் கட்டில், ஓர் அலுமாரி, ஒரு கதிரை. ஒரு யன்னல். யன்னலால் பார்த்தால் பின் ஒழுங்கையும் அடுத்த வீட்டுக்காரியின் கொடியில் ஆடும் உடுப்புகளும். வீட்டின் பின்கதவு அந்த அறைக்குள்தான் திறக்கும். நான் படுக்கிற அறை என்பதால் அதைப் பூட்டி, குளிர்காலத்தில் பிளாஸ்டிக் ஒட்டி, மேலே ஒரு போர்வையும் தொங்கவிட்டிருந்தோம்.

கார் நிற்பது பின் ஒழுங்கையில். ஆனால் எல்லோரும் வீட்டைச் சுற்றி நடந்து முன்கதவால்தான் வரவேண்டும். முன்கதவு நேரே சாலைக்குள், அதாவது முன்கூடத்துக்குள், திறந்தது. சப்பாத்தோடு பனிச்சேறும் தெரு உப்பும் கம்பளத்துக்கு வந்துவிடும். உடுப்புத் தோய்க்கிற மெசின் பேஸ்மென்டில். அந்தப் படி செங்குத்து, தலையைக் குனிந்து இறங்கவேண்டும். கூடையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறி இறங்கியது பெரும்பாலும் நான்தான்.

ஜெசிதான் யோசனையைச் சொன்னாள். பின்னறையை உடைத்து, பின்கதவைத் திறந்து, அங்கேயே சப்பாத்துக் கழற்றி, கோட் கொழுவி, மெசினையும் மேலே கொண்டுவந்து வைத்துவிட்டால் இரண்டு கரைச்சலும் ஒரேயடியாகத் தீரும். குசினிக் குழாய் அந்தச் சுவரில்தான் ஓடுகிறது. தண்ணீர் எடுப்பது சுலபம். பேஸ்மென்டில் மெசின் நின்ற இடத்தில் பலகை அடித்து எனக்கு ஓர் அறை.

"உங்களுக்காகத்தான் மச்சாள் முக்கியமா. அந்தப் படியில நீங்கள் கூடையோட இறங்கிறதைப் பாக்க எனக்கு நெஞ்சு பதறுது" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். என்ன மச்சாள் சொல்லுறியள் என்று அவள் கேட்டவுடனே "ஓம், நல்ல யோசனை" என்று முதலில் சொன்னது நான்தான். அடுத்தநாள் தொழிற்சாலையில் கோட்டுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் ஏறியது. உடுப்பு மேலே வருகிறது, நான் கீழே போகிறேன். தனியே சிரித்தேன். பக்கத்து மெசினில் இருந்த ஹெயிட்டிக்காரி என்ன விஷயம் என்று தலையை ஆட்டிக் கேட்டாள். அவளுக்கு விளக்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. தமிழில் என்றாலும் யாருக்குச் சொல்லியிருப்பேன்?

அந்த யன்னலை விட்டுப் போக எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல வாய் வரவில்லை. தம்பி வீடு, தம்பி காசு, தம்பி குளிரில் போய் உழைக்கிறான். யன்னல் வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது?

கடையக்காவை அழைத்தது ஜெசிதான். காரணம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் முந்தைய கோடையில் இதேமாதிரி ஒரு சப்பாத்தறை கட்டியது. ஆவணி மாதம் எல்லோரும் செருப்பும் மெல்லிய சட்டையுமாக நின்று அளந்து, இவ்வளவு போதும் என்று கட்டிவிட்டார்கள். மார்கழியில் ஐந்து பேரின் பெருங்கோட்டும் கொழுவியில் ஏறியதும் கதவு பாதிக்குமேல் திறக்கவில்லை. வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து பக்கவாட்டில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் உள்ளே வந்தார். அவர் நுழையும் விதத்தைக் கடையக்கா கோயில் வாசலில் செய்து காட்டினார். ஜெசி அதைப் பார்த்து வந்த கையோடு, "வேலைக்காரர் வாறதுக்கு முதல் அவவை ஒருக்காக் கூப்பிடுவம்" என்றாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தார். வெளியே கொளுத்துகிற வெயில். அறையை ஒரு பார்வை பார்த்தார். பூட்டியிருந்த பின்கதவைத் திறந்து, என் கட்டிலையும் மெத்தையையும் நிமிர்த்திக் குசினிச் சுவரில் சாய்க்கச் சொன்னார். வாழைப்பழப் பெட்டிகளை அடுக்கி, "இது தோய்க்கிற மெசின், இது காயவிடுறது" என்றார். அவற்றை வைத்தது யன்னலுக்குக் கீழே, என் தலையணை இருந்த இடத்தில். தரையில் டேப் ஒட்டி, குந்திச் சப்பாத்துக் கழற்ற வாங்கு இது, சப்பாத்துத் தட்டு இது என்று காட்டினார். பிறகு எல்லோரையும் பார்த்தார்.

"என்ன நிக்கிறியள்? வின்டரைக் கொண்டாங்கோ!"

கோட், தொப்பி, கையுறை, பனிச்சப்பாத்து எல்லாம் பேஸ்மென்டில் இருந்து மேலே வந்தன. வெயிலில் நாங்கள் எல்லோரும் மூக்குவரை மூடிக்கொண்டு வியர்வையில் நனைந்துபோய் நின்றோம். ஒழுங்கையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திப் பார்த்தன. எங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கும்.

முதலில் தம்பியின் கோட்டைப் போட்டார். சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் பை, காலால் கதவைத் தள்ளி, குதியால் மற்றக் குதியை மிதித்துச் சப்பாத்தைக் கழற்றி, அது பறந்து போய் 'மெசினில்' மோதி விழ, அப்படியே நடந்து போனார். மகள் தரையில் புரண்டு சிரித்தாள். "அப்பா! அப்பாவேதான்!" தட்டு ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தது.

பிறகு ஜெசி. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளைத் தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடித்து அதட்டிக்கொண்டு வந்து, தன் சப்பாத்தைக் கழற்றாமலே குனிந்து பிள்ளையின் சப்பாத்தை இழுத்தார். ஜெசியின் முகம் சிவந்துபோனது. ஆனாலும், "ஓமக்கா, எனக்கு முதல் இருக்க வேணும்" என்றாள். வாங்கு கதவடிக்கு வந்தது. மகளாக வந்தபோது புத்தகப்பையை வாசலிலிருந்தே எறிந்தார். கொழுவிகளில் இரண்டைக் கீழே இறக்கவேண்டும் என்று ஆனது.

திடீரென்று, "செத்தவீடு?" என்று கேட்டார்.

யாருடைய செத்தவீடு என்று ஜெசி திருப்பிக் கேட்டாள்.

"செத்தவீட்டுக்குப் போட்டு வந்தா குளிக்காம குசினிக்குள்ள வருவியளோ? இனி இதாலதானே வரப்போறியள்." துக்கம் விசாரித்துக் களைத்து வருகிறவராக உள்ளே வந்தார். சேலையை அவிழ்த்து நேரே மெசினுக்குள் போடுவதுபோல் போட்டார். போட்டுவிட்டுத் திகைத்து நின்றார். "இப்ப நான் என்னத்தோட குளியலறைக்குப் போறது? குசினிக்கை அவர் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்."

குசினிப் பக்கம் ஒரு தடித்த திரையும், வீட்டுச்சட்டை தொங்கவிட ஒரு தனிக் கொழுவியும் திட்டத்தில் சேர்ந்தது அப்படித்தான். பின்னர் வேலைக்கு வந்த போர்த்துக்கீசருக்கு, சப்பாத்தறைக்கு எதற்கு அம்மா குளியலறைத் திரை என்று கடைசிவரை விளங்கவில்லை.

எல்லோரும் சிரித்துக் களைத்திருந்தோம். நானும்தான். தண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போகத் திரும்பினேன். அப்போது தம்பியின் மகள் கத்தினாள்.

"கடை அன்ரி, இப்ப மாமி! மாமியைச் செய்யுங்கோ!"

"மச்சாள் பஸ்ஸில வாறவ, முன்கதவாலதான் வருவா" என்றாள் ஜெசி.

"இனி இதாலதானே வருவா" என்று சொல்லிவிட்டுக் கடையக்கா என் மண்ணிறக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கதவு திறந்ததே தெரியவில்லை. ஓர் ஆள் நுழைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் திறந்தது. உள்ளே வந்ததும் பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கொளுக்கி சத்தம் போடாமல் மூடினார். சப்பாத்து காலில் இல்லை. வெளியிலேயே கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அடியை ஒரு கடதாசியால் துடைத்தார். தட்டில் வைக்கவில்லை. கோட்டைக் கழற்றினார். கொழுவியைப் பார்த்தார், அதில் மற்றவர்களுடைய கோட்டுகள் தொங்குவதுபோல. மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டார். சுவரோரமாக, விரல் நுனியில், யாரையோ எழுப்பிவிடப் பயந்தவர்போல நடந்தார்.

நடந்து யன்னலடிக்குப் போனார். அங்கேதான் கட்டில் இருக்கவேண்டும். வாழைப்பழப் பெட்டி இருந்தது.

அவர் நின்றார். ஒரு கையில் சப்பாத்து, ஒரு கையில் கோட். இந்தப் பக்கம் பார்த்தார், வாங்கு. அந்தப் பக்கம் பார்த்தார், தட்டு. திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்றுகொண்டேயிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. தம்பியின் சின்னவன் போய் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து, கார்டெரியில் படித்த பிரெஞ்சில், இரு மாமி, இரு என்றான். அவர் இருக்க இடம் தேடினார். கிடைக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, எனக்கே காட்டாமல் வைத்திருந்ததை, ஒரு சேலைக்கடைக்காரி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு சபையில் விரித்துவிட்டார். "போதும் அக்கா. கோட்டைத் தாங்கோ" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. கோட்டைப் பறித்துக்கொண்டு பின்கதவால் வெளியே போய்ப் படியில் இருந்தேன்.

கொஞ்சத்தில் அவரும் வந்து பக்கத்தில் இருந்தார். படி சின்னது. இடிபட்டுக்கொண்டு இருந்தோம்.

"கோவமோ?"

"ஓம்."

"இருக்கும்." சட்டை ஊசி ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார். "நான் நினைச்சுச் செய்யேல்லை பிள்ளை. உன்ர கோட்டைப் போட்டவுடன கால் தன்ரபாட்டில போச்சுது. அங்க போய்ப் பாத்தா இடமில்லை."

அது உண்மையா, என் மெத்தையை நிமிர்த்தச் சொன்னபோதே எல்லாம் கணித்துவிட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

உள்ளே தம்பியும் ஜெசியும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. பிறகு ஜெசி வந்தாள். அழுதிருந்தாள். "மச்சாள், உங்களைக் கலைக்கிறதெண்டு நான் நினைக்கேல்லை. சத்தியமா நினைக்கேல்லை." அவள் பின்னால் தம்பி. இன்னும் பனித்தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"விடு அக்கா. மெசின் கீழயே கிடக்கட்டும். இந்த அறை உன்ர அறை. ஒண்டும் உடைக்கிறேல்லை" என்றான்.

கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கவேண்டும். இல்லை. வரப்போகும் குளிர்காலம் முழுக்க ஜெசி சாலைக் கம்பளத்தைத் துடைக்கும்போது நான் யன்னலடியில் படுத்திருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அது நல்ல திட்டம். தட்டு, வாங்கு, கீழே இறக்கிய கொழுவி எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. நான் மட்டும்தான் அதில் இல்லை.

"இல்லை, கட்டுங்கோ" என்றேன். "நல்ல அறை. ஆனா நான் கீழ போகேல்லை. எனக்கு ஒரு சின்ன வீடு பாக்கிறன்."

அப்படிச் சொல்லப்போகிறேன் என்று சொல்லும்வரை எனக்கே தெரியாது.

தம்பி தொப்பியைக் கழற்றினான். "தனியவோ? என்ன அக்கா நீ. ஆக்கள் என்ன கதைப்பினம்? தமக்கையை வீட்டால கலைச்சிட்டான் எண்டெல்லோ கதைப்பினம்."

அவன் பயந்தது எனக்கு விளங்கியது. எனக்கும் அதே பயம்தான். நாற்பது வயதுக் குமர் தனியே வீடெடுப்பது எங்கள் சனத்துக்குள் சின்ன விஷயமில்லை.

கடையக்கா முழங்காலில் கையூன்றி எழும்பினார். படியில் இரண்டடி மேலே ஏறினார், கோயில் வாசற்படியில் நிற்பதுபோல. அன்றைக்குத்தான் அவர் ஒரேயடியாகப் பல பேரைச் செய்து கண்டேன். மூன்று பேராக மாறி மாறி நின்றார், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு.

"கேள்விப்பட்டியளே, தமக்கைக்காரி தனிய வீடெடுத்திட்டாவாம்."

"ஐயோ! தம்பிக்காரனோட கொளுவலோ?"

"கொளுவலாத்தான் இருக்கும். எங்கயாம் எடுத்தது?"

"வில்லரேயிலயாம்."

"வில்லரேயில எவடத்தில? அந்தப் புது மீன்கடைக்குக் கிட்டவோ?"

"ஓமோம், அதுக்குக் கிட்டத்தான். அங்க பாரை வந்ததோ?"

"வந்தது, ஆனா ஐஸ் மீன்."

"ஐஸ் மீனை ஆர் தின்னுறது! காரை எங்க விட்டனியள்?"

மூன்று பேரும் மீனைப் பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். கடையக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தார். "இவ்வளவுதான் தம்பி. அதுக்கு மேல நிக்க அவையளுக்குக் குளிரும்."

முதலில் ஜெசி சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. தம்பி சிரிக்கக்கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. சிரித்து முடித்ததும் தலையைச் சொறிந்துகொண்டு, "வில்லரேயெண்டா பஸ் இருக்குத்தானே" என்று கேட்டான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை.

இலையுதிர்காலத்தில், யாரோ லீசை இடையில் விட்டுப்போன ஒரு மூன்றரை கிடைத்தது. குளியலறையை அரை என்று கணக்குப் பண்ணுகிற ஊர் இது. குசினி, சாலை, படுக்கையறை, பிறகு அந்த அரை. தம்பிதான் கட்டிலைத் தூக்கி வந்து பொருத்தினான். முதல்நாள் வேலை முடிந்து வந்து சாவியைப் போட்டுத் திறந்து, வழக்கம்போல விரல் நுனியில் சுவரோரமாக நடந்து நடுவழியில் நின்றுவிட்டேன். எழும்புவதற்கு அங்கே யாரும் இல்லை. சில இரவுகள் தனிமை தாங்காமல் அழுததும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் காலையில் என் கதவை நானே இழுத்துச் சாத்திவிட்டு வேலைக்குப் போவேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போனது.

பின்கதவு அறை பனி விழுவதற்கு முதலே முடிந்தது. மெசின் மேலே வந்தது. ஜெசி தொலைபேசியில் நாளுக்கு ஒருமுறை அதன் பெருமையைச் சொன்னாள்.

நத்தாருக்கு என்னை மத்தியானமே வரச்சொன்னார்கள். கடையக்காவையும் அழைத்திருந்தார்கள். வெளியே பனி முகத்தில் அடித்தது. பஸ்ஸில் இருந்து இறங்கி, பின் ஒழுங்கையால் முழங்கால்வரை பனியில் புதைந்து புதைந்து நடந்தேன். தம்பியின் கார் இல்லை, பால் வாங்க மூலைக்கடை டெப்பனருக்குப் போயிருந்தான். கையில் பலகாரப் பெட்டியும் பிள்ளைகளின் பரிசுப் பைகளும். சாவியும் இல்லை, மணியடிக்கக் கையும் இல்லை. தம்பி பூட்டாமல் விட்டுப்போன பின்கதவை முழங்கையால் தள்ளித் தோளால் இடித்துத் திறந்தேன். அது சுவரில் மோதியது. பைகளை வாங்கில் போட்டேன். தடதடவென்று இரண்டு காலையும் உதைத்துப் பனியை விழுத்தினேன். சப்பாத்து ஒன்று தட்டில் விழுந்தது, மற்றது தட்டுக்கு வெளியே போனது. கிடக்கட்டும் என்று விட்டேன். கோட்டை முதல் கொழுவியில் கொழுவினேன். "என்ன குளிரப்பா இது!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டேன், யாருக்கென்று இல்லாமல்.

திரைக்கு அந்தப் பக்கம் குசினியில் கடையக்காவின் குரல் கேட்டது.

"தம்பி வந்திட்டார் ஜெசி. தேத்தண்ணியை ஊத்தும்."

திரையை விலக்கினேன். ஜெசி கோப்பையோடு திரும்பியவள் அப்படியே நின்றாள். கடையக்கா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"நீயோ இவ்வளவு சத்தம்?"

"நான்தான் அக்கா."

"எனக்குப் பிடிபடேல்லையே" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் ஓர் ஆளைப் பிழையாகச் சொல்லி நான் கண்டது அந்த ஒருமுறைதான். அதற்காக நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். தம்பிக்கு என்று ஊற்றிய தேத்தண்ணியை ஜெசி கையிலிருந்து வாங்கி, நானே குடித்தேன்.